கப்பு வாங்கிய செடியின் கிழங்கு

ஞாயிறு மாலை

அன்புள்ள உங்களுக்கு,

இருமல் எப்படி இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள். மற்ற செய்தியெல்லாம் அதற்குப் பிறகு. பாலத்தின் மேல் நின்று வெல்டிங் செய்யும்போது காதை மூடிக்கொள்கிறீர்களா? நான் பின்னி அனுப்பிய தொப்பியை மேஸ்திரி பார்த்து ஆசைப்பட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார் என்றீர்கள். அவருக்கு வேறொன்று பின்னித் தருகிறேன். அதைத் திருப்பி வாங்கிவிடுங்கள்.

போன வாரம் நான் போன் செய்தபோது வேறு யாரோ எடுத்து, 'கப்பு அண்ணே, வீட்டுலேர்ந்து' என்று கூவினார். அதற்குள் பட்டப்பெயர் வைத்துவிட்டார்களா? எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பூக்கண்காட்சியில் நீங்கள் வாங்கிய கப்பை அலமாரியில் மேல்தட்டில் வைத்துத் துடைத்து வருகிறேன். நீங்கள் அந்த மூன்று பூக்களோடு மேடையில் நிற்கும் படத்தை கிளினிக்கில் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள்கூடக் குனிந்து பார்த்துவிட்டு, 'வீட்டுக்காரரா?' என்று கேட்கிறார்கள். அவ்வளவு பல்வலியிலும் அதைக் கேட்கிறார்கள். டாக்டர் பாதிப் பல்லைப் பிடுங்கிக்கொண்டே உங்கள் பெருமையைச் சொல்கிறாராம். நோயாளிகளால் மறுத்துப் பேச முடியாது பாருங்கள்.

சரி, தோட்டத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை முதல் உறைபனி விழுந்துவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் டேலியாப் பூச்செடி அத்தனையும் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்குகின்றன. முந்தின நாள் வரை பச்சையாக நின்றவை. நீங்கள் சொன்னபடி பதறாமல் இரண்டு நாள் விட்டுவைத்தேன். நேற்று தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, மண்வெட்டியைத் தொடாமல் தோட்ட ஃபோர்க்கைச் செடிக்குத் தள்ளி வைத்துக் குத்தி, மண்ணை நெம்பித் தூக்கினேன். முதல் செடியில் இரண்டு கிழங்கு கழுத்து முறிந்துவிட்டது. அப்புறம் கை பழகிவிட்டது. எல்லாம் இப்போது நிலவறையில் தலைகீழாகக் கிடக்கின்றன. தண்டுக்குள் இருக்கும் தண்ணீர் வடிந்ததும் மரத்தூளில் புதைத்துவிடுவேன். குளிர்காலம் முழுக்க அங்கே உறையவும் கூடாது, சூடும் ஏறக்கூடாது, அதுதானே? சுவரில் வெப்பமானியை மாட்டியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. கப்பு வாங்கிய செடி மூலையில் இருக்கிறது, குச்சியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன், அதைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பனி விழுவதற்கு முந்தின சாயங்காலம் கடைசிப் பூக்களை ஜாடியில் வைக்கலாம் என்று வெட்டப் போனேன். அந்தச் செடியில் இருந்தவை உருண்டையான மஞ்சள் பூக்கள். எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னது. கப்பு வாங்கியது பீட்ரூட்டை வெட்டிய நிறம். இதழ் நுனியில் மட்டும் பாலைத் தொட்டு வைத்தது போல வெள்ளை. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். துணியைக் குச்சி மாற்றிக் கட்டிவிட்டீர்களா? மற்ற செடிகளையும் பார்த்தேன். எதிலும் அந்த நிறம் இல்லை. ஒருவேளை அது முன்னாலேயே பூத்து ஓய்ந்துவிட்டதோ என்னவோ. எந்தக் கிழங்கு என்று எழுதினால் அதைத் தனிப் பெட்டியில் வைப்பேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா தங்கள் கிழங்குகளையும் நம் நிலவறையில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அவர்கள் வழக்கமாக வைக்கிற பின்னறையில்தான் இப்போது தச்சர் பெரியப்பாவின் கட்டில். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அங்கே இரவும் பகலும் ஹீட்டர் எரிகிறது. கிழங்கு அந்தச் சூட்டில் வற்றிப் போய்விடும். நான் சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை இருவரும் சேர்ந்து தோண்டப் போகிறோம். மரத்தூளும் அவர் பட்டறையிலிருந்தே வருகிறது.

தூங்கும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். பதில் போடுங்கள்.

உங்களையே நினைத்திருக்கும்,
உங்கள் மனைவி


புதன்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் வந்தது. இருமல் குறைந்தது என்று தெரிந்து நிம்மதி.

துணி காற்றில் அவிழ்ந்திருக்கும், யாரோ எடுத்து வேறு குச்சியில் கட்டியிருப்பார்கள், இதையெல்லாம் போனில் கேட்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். போனில் நான் கேட்கவில்லை. உங்கள் அறையில் நான்கு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம். இந்தக் கடிதத்தையும் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

சனிக்கிழமை பெரியம்மா வீட்டுக் கிழங்குகளைத் தோண்டினோம். எல்லாச் செடியும் கறுத்துத்தான் இருந்தன. பின்சுவரை ஒட்டி ஒன்று மட்டும், மேலே ஓட்டுச் சரிவு மறைத்ததால் பனிக்குத் தப்பியிருந்தது. அதன் நுனியில் ஒரு மொட்டு பாதி விரிந்து நின்றது. ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும். பீட்ரூட் நிறம். நுனியில் வெள்ளை.

நான் கையில் ஃபோர்க்கோடு அப்படியே நின்றேன். பெரியம்மா, 'என்னம்மா, முதுகு பிடிச்சுக்கிச்சா? சின்ன வயசுலயே இப்படியா?' என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு அவரே அந்த மொட்டை வெட்டித் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். 'இனி இது எங்க விரியப்போகுது' என்றார்.

நான் உங்களைக் கேள்வி கேட்கவில்லை. எனக்கு ஞாபகம் வருவதை மட்டும் எழுதுகிறேன். கண்காட்சிக்கு முந்தின நாள் உங்கள் பெரிய பூக்களின் இதழ்களை இடுக்கிவால் பூச்சி ஓட்டை ஓட்டையாகத் தின்றிருந்தது. நீங்கள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டீர்கள். மூன்று வருஷம் டேலியாச் சங்கத்து ஆட்கள், 'வெல்டர் தம்பி இந்த வருஷமும் காலிஃப்ளவர்தானா?' என்று உங்கள் பூவைக் கேலி செய்தது எனக்கும் தெரியும். மறுநாள் விடிந்ததும் பின்கதவு வழியாக வந்தீர்கள். பேன்ட் முழங்கால் வரை ஈரம். கையில் வாளி, அதன் மேல் துண்டு. எனக்கு முகம் கொடுக்காமல் வாளியோடு நேரே வண்டிக்குப் போனீர்கள். நான் அடுப்படியில் நின்றிருந்தேன். என்ன இது என்று கேட்டிருக்கலாம். கேட்காமல் இருப்பது மரியாதை என்று அன்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அது மரியாதை இல்லை. மத்தியானம் மேடையில் உங்கள் பெயரைக் கூப்பிட்டபோது நான்தான் முதலில் கை தட்டினேன். கை வலிக்கத் தட்டினேன்.

கிளினிக்கில் கண்ணாடிக்கு அடியிலிருந்து படத்தை எடுத்துவிட்டேன். டாக்டர் வெறும் இடத்தைப் பார்த்து, 'எங்கம்மா சாம்பியன்?' என்றார். ஈரம் பட்டுவிட்டது என்று பொய் சொன்னேன். அவர், 'இன்னொண்ணு பிரின்ட் போட்டுத் தரேன், என்கிட்ட இருக்கு' என்றார். நாளைக்கே கொண்டு வந்துவிடுவார். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியும்.

இவ்வளவையும் மனதுக்குள்ளேயே போட்டு வைத்திருப்பேன். குடும்பத்தில் ஒருவர் செய்ததை இன்னொருவர் மூடி வைப்பது புதிதில்லையே. ஆனால் இன்று காலை பெரியம்மா வேலியோரம் வந்து ஒன்று கேட்டார். அதற்குத்தான் இந்த அவசரக் கடிதம்.

சங்கத்துச் செய்தித்தாள் அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. அதில் உங்கள் படம். பெரியப்பா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாராம். கப்பு வாங்கிய செடியிலிருந்து ஒரே ஒரு கிழங்கு தர முடியுமா என்று கேட்டார் பெரியம்மா. 'சும்மா வேணாம். பதிலுக்கு எங்க பெட்டியில எது புடிக்குதோ எடுத்துக்கோ. அவரு ஜன்னலுக்கு நேரா நட்டு வைக்கணுமாம். படுத்துக்கிட்டே பாக்கணுமாம். இத்தனை நாள்ல அந்த மனுஷன் வாய் திறந்து கேட்டது இது ஒண்ணுதான்' என்றார்.

டேலியா வளர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் கிழங்கு கொடுப்பதை இல்லை என்று சொல்வதில்லை, நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதைவிட, நம் முதல் செடி பெரியப்பா கொடுத்ததுதான். நான் 'தரேன் பெரியம்மா' என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? அந்தச் செடியின் கிழங்கு நம் வீட்டில்தான் இருக்கிறது, ஆனால் பெரியம்மா, உங்கள் பெட்டியில்தான் இருக்கிறது, நான்தான் அதைக் காவல் காக்கிறேன் என்றா?

என்ன செய்யட்டும் என்று எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் மனைவி

தொப்பி முடிந்துவிட்டது. இதோடு தனிப் பார்சலாக வருகிறது.


ஞாயிறு

அன்புள்ள உங்களுக்கு,

பனிக்காலம் பாதி கழிந்து வந்த உங்கள் பதிலைப் பலமுறை படித்துவிட்டேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதினீர்களே, அதற்காக உங்கள் மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. இல்லை என்று எழுதியிருந்தால் நான் இன்னொரு கடிதம் எழுதியிருப்பேனா என்று தெரியாது. ஆனால் அதற்குக் கீழே எழுதியிருந்ததெல்லாம் படிக்கும்போது எனக்கு முகம் சுட்டது. அன்று அவர்கள் வீட்டில் யாரும் இல்லை, ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தார்கள், பூ செடியிலேயே வாடித்தான் போயிருக்கும், மூன்றே மூன்று பூ. எல்லாம் சரிதான். பூ யாருக்கு என்று மட்டும் நீங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. நானும்தான்.

அப்புறம் அந்த யோசனை. கிழங்கில் பெயரா எழுதியிருக்கிறது, அவர்கள் பெட்டியிலிருந்தே முளைக்கண் இருக்கிறதாகப் பார்த்து ஒன்றை எடுத்து நம்முடையது என்று கொடுத்துவிடு, கோடையில் அதே பூ பூக்கும், அவர்களுக்கும் சந்தோஷம், நமக்கும் தொல்லை விட்டது. படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இப்படி ஒரு யோசனை என் வீட்டுக்காரருக்கு வந்ததே என்று இரண்டு நாள் புழுங்கினேன். மூன்றாம் நாள் அதைத்தான் செய்யப் போனேன். அதையும் உங்களிடம் மறைக்க விருப்பமில்லை.

அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். நடுவில் அந்தக் கிழங்கே போய்விடும்போல இருந்தது. மாதம் ஒருமுறை பெட்டிகளைக் கிளறிப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள் அல்லவா? போன முறை அவர்கள் பெட்டியில் கையை விட்டபோது விரல் உள்ளே இறங்கிவிட்டது. அழுகல். வேறு எத்தனையோ கிழங்கு இருக்க, அழுகினது அந்தச் செடிதான். தோண்டின அன்று நான் திகைத்துப் போய் நின்றதில் அதை மட்டும் தலைகீழாக வைக்க மறந்திருக்கிறேன். தண்டில் நின்ற தண்ணீர் கழுத்துக்குள் இறங்கிவிட்டது. சமையல் கத்தியைச் சுட்டு எடுத்துக்கொண்டு போய், கெட்டதையெல்லாம் வெள்ளைச் சதை தெரியும் வரை சீவினேன். வெட்டின இடத்தில் கரித்தூள் தடவினேன். கழுத்தோடு, கண்ணோடு தேறினது இரண்டே துண்டு. அவற்றைக் காய்ந்த தூளில் தனியாக வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதேன். நம் பெட்டியில் எது அழுகியிருந்தாலும் நான் இவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

அந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அரை மனதோடு போனேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அப்படி இல்லை. வாசலில் என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். 'அவரு ரொம்ப சந்தோஷப்பட்டாரு பெரியம்மா' என்று சிரித்துக்கொண்டே சொல்வதாக இருந்தேன்.

பெரியம்மா அடுப்பில் கஞ்சி வைத்திருந்தார். கிளறிக்கொண்டே பேசினார். நான் பையைத் திறக்கவே இல்லை. அந்தச் செடி அவர்கள் வாங்கியதில்லையாம். பெரியப்பா விதை போட்டு முளைக்க வைத்தது. எந்தக் கடையிலும் கிடைக்காது, உலகத்தில் வேறு எவரிடமும் இல்லை. முதல் இரண்டு வருஷம் தேறாமல் கிடந்து, போன கோடையில்தான் முதன்முதலாக ஆளாகி மொட்டு வைத்தது. மொட்டு விரியும் நேரம் பார்த்து அவர் ஆஸ்பத்திரியில் விழுந்தார். பெரியம்மா தினமும் காலையில் செடியைப் பார்த்துவிட்டுப் போய் அவரிடம் சொல்வாராம். இன்று இவ்வளவு விரிந்தது, இன்று உள்ளங்கை அளவு, இன்று தட்டு அளவு. 'நாளைக்கு வெட்டிக் கொண்டுவரேன்னு சொல்லிட்டு வந்தேன்மா. அன்னிக்கு ராத்திரி அவருக்கு மூச்சு முட்டிப் போச்சு, அங்கயே தங்கிட்டேன். மறுநாள் வந்து பாத்தா மூணு தண்டும் மொட்டையா நிக்குது. யாரோ பசங்க பறிச்சுட்டாங்கபோல. அவருகிட்ட மழையில கொட்டிப்போச்சுன்னு சொல்லிட்டேன். பாவம், செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு' என்றார்.

கஞ்சி பொங்கினது. நான்தான் எழுந்து அடுப்பைக் குறைத்தேன். அப்போது பின்னறையிலிருந்து பெரியப்பா, 'யாரு, வெல்டர் பொண்டாட்டியா? உள்ள வரச் சொல்லு' என்றார்.

நீங்கள் பார்த்தால் அடையாளம் தெரியாது. கை மட்டும் பழைய தச்சர் கை, மற்றதெல்லாம் பாதியாகிவிட்டது. நெஞ்சின் மேல் அந்தச் செய்தித்தாள். 'உக்காரும்மா' என்றார். ஹீட்டர் சூட்டில் எனக்கு வியர்த்தது. படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டி, 'கறுப்பு வெள்ளையில போட்டுட்டானுங்க. நீ கிட்டத்துல பாத்தவ. நிறம் என்ன?' என்று கேட்டார்.

சொன்னேன்.

'நுனி வெள்ளையா?'

ஆமாம் என்றேன்.

'வெளி வரிசையில மட்டுமா, உள்ள வரைக்குமா?'

உள்ளே வரைக்கும் என்றேன். இதழின் பின்பக்கம் எப்படி இருந்தது என்று கேட்டார். கண்காட்சி முடிந்து வீட்டில் ஜாடியில் வைத்திருந்தபோது திருப்பிப் பார்த்திருக்கிறேன், வெளிறி, சாம்பல் பூசினது போல இருந்தது என்றேன். எத்தனை நாள் வாடாமல் நின்றது, இரண்டாவது பூ முதல் பூவைவிடச் சின்னதா, வாசனை ஏதாவது தெரிந்ததா. ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பதில் சொல்வது போலக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். சொல்லும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் செடியில் பூத்த பூவை அவருக்கு நான் வர்ணித்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்திருந்தேன், அவர் பார்க்கவில்லை.

கடைசியாக, 'தலை சாஞ்சுதா, நிமிந்து நின்னுச்சா?' என்று கேட்டார். நிமிர்ந்துதான் நின்றது பெரியப்பா, மேடையில் கடைசி வரைக்கும் நிமிர்ந்தே நின்றது என்றேன். பிறகு சிரித்தார். 'எனக்கு அதுதான்மா பயமா இருந்துது. இதோட தாய்ச்செடி பெரிய பூ வெச்சா தலையைத் தொங்கப் போட்டுடும். இதுவும் அப்படி ஆயிடுமோன்னு. நிமிந்து நின்னுச்சில்ல? போதும்' என்றார்.

தாய்ச்செடி என்றார். விதை போட்டவருக்குத்தானே அது தெரியும். வாய் தவறிச் சொன்ன மாதிரி தெரியவில்லை. சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவும் இல்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்கிறேன் என்று காத்திருந்தாரா, என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று பார்வையைத் திருப்பிக்கொண்டாரா, எனக்குத் தெரியவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் திட்டவில்லை. 'உன் வீட்டுக்காரன் எப்ப வரான்?' என்று மட்டும் கேட்டார். பாலம் வேலை முடிந்ததும் என்றேன். 'வரட்டும்' என்றார். குரலில் கோபம் இருக்கிறதா என்று உற்றுக் கேட்டேன். இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நான் நிறையப் படிக்கிறவள் என்று நீங்கள் கேலி செய்வீர்கள். வெட்கத்தைப் பற்றி நானும் எத்தனையோ புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஒருவரும், இப்படிப் பையில் ஒரு கிழங்கோடு ஒரு நோயாளியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் வெட்கத்தை எழுதவில்லை. உங்களுக்காக வெட்கப்படுகிறேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். அன்று அந்தப் பை என் மடியில் இருந்தது. அதை நீங்கள் வைக்கவில்லை.

கிளம்பும்போது பெரியம்மா வாசல் வரை வந்து, 'கிழங்கு கொண்டாந்தியாம்மா? பையில ஏதோ வெச்சிருக்கியே' என்று கேட்டார். இல்லை பெரியம்மா, அதை அவரே நேரில் வந்து கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறார் என்றேன். நீங்கள் அப்படி எழுதவில்லை. உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரில் நான் சொன்ன சொல் அது. பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். 'அவன் எதுக்கு அவ்வளவு தூரத்துலேர்ந்து மெனக்கெடணும்' என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்ப் பெரியப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பெரியப்பா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நான் வேகமாக நடந்து வந்துவிட்டேன். கிழங்கைப் பழையபடி தூளில் வைத்து மூடினேன்.

கப்பை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டேன். தூக்கிப் போடவில்லை. அதை என்ன செய்வது, சங்கத்துக்கு என்ன எழுதுவது என்பதெல்லாம் நீங்கள் முடிவு செய்யுங்கள். ஊர் சிரிக்கும் என்று பயப்படுவீர்கள். சிரிக்கட்டும். டாக்டர் கொண்டு வந்த புதுப் படத்தை இன்னும் நான் வைக்கவில்லை. அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் அறையில் இருப்பவர்களிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கப்பு அண்ணே என்று கூப்பிடும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று நான் கேட்க மாட்டேன்.

இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். வேலை முடியும் வரை காத்திருக்காதீர்கள். மேஸ்திரியிடம் நான்கு நாள் விடுப்பு கேளுங்கள். உறைபனி இன்னும் விடவில்லை, நடுவதற்கு நாள் இருக்கிறது என்று உங்கள் புத்தி சொல்லும். கிழங்கு காத்திருக்கும், நான் பார்த்துக்கொள்கிறேன். பெரியப்பாவை அப்படிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்ற எனக்குத் தெரியாது. மூச்சு இழுக்கும்போது பக்கத்து வீடு வரை கேட்கிறது. வெறுங்கையோடு வந்தால் போதும். என்ன பேசுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வராதீர்கள். நான் அப்படிப் போய்த்தான் கெட்டேன். அந்த இரண்டு துண்டையும் அவர்கள் பெட்டியோடு நான் தூக்கிக்கொள்கிறேன். நீங்கள் முன்னால் நடந்து போங்கள். நான் ஓர் அடி பின்னால் வருகிறேன். அந்த அறையில் ஒரு நாற்காலிதான் இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள், நான் நின்றுகொள்கிறேன்.

உங்கள் மேல் எனக்கு இருப்பது எதுவும் குறையவில்லை. அதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நல்லபடியாக வந்து சேருங்கள். கதவு தாழ்ப்பாள் போடாமல்தான் இருக்கும்.

உங்கள் வரவை நோக்கி,
உங்கள் மனைவி